டாக்டர் திரையில், சிஸ்டர் அறையில்

கேள்வி:

மும்பை செம்பூரில் 24 படுக்கைகள் கொண்ட ஒரு நர்சிங் ஹோமில் பொறுப்பு நர்ஸாக வேலை பார்க்கிறேன். சென்ற மழைக்காலத்தில் காய்ச்சலும் இருமலுமாக வந்த நோயாளிகளைக் கவனித்ததில் எங்கள் நர்ஸ்கள் நான்கு பேரும் ஒரு மாவ்ஷியும் (துப்புரவு, உதவி வேலைகள் செய்யும் பெண் பணியாளர்) அடுத்தடுத்துப் படுக்கையில் விழுந்தார்கள். அதன் பிறகு நிர்வாகம் இரண்டு டேப்லெட் வாங்கி, தேங்காய் உடைத்துத் தொலைமருத்துவத்தைத் தொடங்கிவைத்தது. மூன்று தனிமை அறைகளுக்குள்ளும் இனி டாக்டர் போகத் தேவையில்லை, தொற்று கட்டுக்குள் வந்துவிடும் என்கிறார் உரிமையாளர். ஆனால் கன்சல்டன்ட் தம் வீட்டிலிருந்து வீடியோவில் வரும்போது டேப்லெட்டைப் பிடித்துக்கொண்டு நோயாளியின் முகத்தருகே நிற்பது நாங்கள்தான். சீட்டா கேம்ப், தாராவிப் பக்கத்திலிருந்து வரும் வயதான தமிழர்கள் பலருக்கு இந்தி வராது. டாக்டருக்குத் தமிழ் வராது. மொழிபெயர்க்கவும் நானே நிற்க வேண்டும். முன்பு ஐந்து நிமிடத்தில் முடிந்த ரவுண்ட்ஸ் இப்போது கால் மணி நேரம் ஆகிறது. இது எங்களைக் காப்பாற்றுகிறதா, டாக்டரை மட்டும் காப்பாற்றுகிறதா? வீடியோவில் அவர் வாய்வார்த்தையாகச் சொல்லும் மருந்துக்கு நாளை யார் பொறுப்பு? எங்களில் ஒருவர் ஆறு மாதக் கர்ப்பிணி. அவரை எந்த வேலையில் போடுவது? குறை சொல்வதாகத் தோன்றாமல் நிர்வாகத்திடம் இதையெல்லாம் எப்படிப் பேசுவது?

— ஒரு வாசகி, மும்பை

பதில்:

அன்புள்ள சிஸ்டர்,

இப்போது நடக்கிற முறையில் அந்த டேப்லெட் டாக்டரை மட்டும்தான் காப்பாற்றுகிறது. அதில் உங்களுக்குச் சந்தேகமே வேண்டாம். ஐந்து நிமிடம் உள்ளே வந்து போன ஒருவர் வெளியேறினார். அவருக்குப் பதிலாக நீங்கள் கால் மணி நேரம் நிற்கிறீர்கள். அதுவும் நோயாளி திரையைப் பார்த்துப் பேச வேண்டும் என்பதால் அவர் வாய்க்கு நேரே நிற்கிறீர்கள். ஆபத்து குறையவில்லை, கைமாறியிருக்கிறது.

இதைப் படித்துவிட்டு டேப்லெட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். உரிமையாளரின் எண்ணத்தில் பிழை இல்லை. தொற்றுத் தடுப்பில் ஒரு வரிசை உண்டு: ஆபத்துக்கு அருகிலேயே போகாமல் இருப்பது முதலில் வரும், காற்றோட்டம், அறை அமைப்பு அடுத்து, வேலை முறையை மாற்றுவது அதற்கடுத்து, முகக்கவசமும் கையுறையும் கடைசி. நம் ஊர் மருத்துவமனைகள் பெரும்பாலும் கடைசியில் இருப்பதை முதலில் வாங்கி, அதோடு நின்றுவிடும். உங்கள் நிர்வாகம் வரிசையின் தலைப்பக்கத்திலிருந்து தொடங்கியிருக்கிறது. யாரைக் கதவுக்கு வெளியே நிறுத்துவது என்பதில்தான் பாதியில் நின்றுவிட்டது.

இந்தக் கோணல் உங்கள் நர்சிங் ஹோமுக்கு மட்டும் உரியதல்ல. 2020 ஜனவரியில் அமெரிக்காவின் முதல் கொரோனா நோயாளியை வாஷிங்டன் மாநிலத்தில் எவரெட் என்ற ஊர் மருத்துவமனையில் வைத்துப் பார்த்தார்கள். திரையும் கேமராவும் ஸ்டெதஸ்கோப்பும் பொருத்திய ஒரு ரோபோ அறைக்குள் இருந்தது. மருத்துவர் வெளியே உட்கார்ந்து அதன் வழியாக அவரைச் சோதித்தார். உலகமெங்கும் செய்தியாயிற்று. அந்தச் செய்தியிலேயே ஒரு மூலையில் இன்னொரு வரியும் இருந்தது: நோயாளி தெரியும்படி அந்தத் திரையை நகர்த்திக் கொடுத்தது அறைக்குள் இருந்த நர்ஸ்தான். படங்களில் ரோபோதான் பெரிதாகத் தெரிந்தது.

ஆகவே தொலைமருத்துவம் என்றதும் "டாக்டர் எங்கே இருக்கிறார்" என்று பார்க்காமல், "கதவு எத்தனை முறை திறக்கிறது, யார் போகிறார்கள், எதற்காக, எத்தனை நிமிடம்" என்று பாருங்கள். மூன்று தனிமை அறைகளின் கதவிலும் ஒவ்வொரு தாளை ஒட்டுங்கள். உள்ளே போகிற ஒவ்வொருவரும், நீங்கள், ஆர்.எம்.ஓ. (டியூட்டியில் இருக்கும் மருத்துவர்), மாவ்ஷி, வார்டு பாய், எக்ஸ்ரே எடுக்க வருபவர், சாப்பாடு கொண்டுவருபவர், மெடிகிளைம் கையெழுத்துக்கு வரும் ஆள் வரை, நேரத்தையும் காரணத்தையும் ஒரு வரியில் எழுதட்டும். ஒரு முழு நாள், இரவு டியூட்டியும் சேர்த்து. நோயாளியின் பெயர் அதில் வேண்டாம்.

மறுநாள் அந்தத் தாளைப் படித்தால், அறைக்குள் போன காரணங்களில் சிகிச்சை எவ்வளவு, சில்லறை வேலை எவ்வளவு என்று தெரியும். ஊசி போட, ரத்தம் எடுக்க, சளி உறிஞ்ச, உடம்பு துடைக்க, பெட்பேன் வைக்க என்று போனவை ஒரு பக்கம். மின்விசிறியைக் குறைக்க, போன் சார்ஜரைச் சொருக, "மகன் எப்போது வருவான்" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல, டிபன் தட்டை வைக்க, அதே தட்டை எடுக்க, உணவு ஆலோசகர் இரண்டு கேள்வி கேட்க, பிசியோதெரபிஸ்ட் மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுக்க என்று போனவை இன்னொரு பக்கம். முதல் பக்கத்தை எந்தத் தொலைபேசியாலும் ஒழிக்க முடியாது. இரண்டாம் பக்கத்தில் பெரும்பகுதியை ஒழித்துவிடலாம். டேப்லெட் முதலில் போக வேண்டிய இடம் அது. கன்சல்டன்ட் ரவுண்ட்ஸ் அதற்குப் பிறகு.

அழைப்பு மணியையே எடுத்துக்கொள்ளுங்கள். மணி அடிக்கிறது. நீங்கள் மேலங்கி மாட்டி, என்-95 போட்டு, மூக்குப் பாலத்தை அழுத்தி, கையுறை அணிந்து உள்ளே போகிறீர்கள். "கொஞ்சம் வெந்நீர் வேண்டும்மா" என்கிறார் பெரியவர். வெளியே வந்து எல்லாவற்றையும் கழற்றி, கை கழுவி, வெந்நீர் பிடித்து, மறுபடி எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு போகிறீர்கள். ஒரு டம்ளர் வெந்நீருக்கு இரண்டு முறை கதவு திறந்தது, இரண்டு மேலங்கி போயிற்று. கழற்றும்போதுதான் கை தவறி அங்கியின் வெளிப்புறம் படும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதற்கு டேப்லெட்கூட வேண்டாம். நர்ஸ் மேஜையில் ஒரு சாதாரண செல்போன் வையுங்கள். அதன் எண்ணைக் கட்டிலில் படுத்தபடியே கண்ணில் படும் சுவரில், கண்ணாடி போடாமல் படிக்கும் அளவுக்குப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். மணி அடித்தால் முதலில் நீங்கள் நோயாளியின் போனுக்குக் கூப்பிட்டு "என்ன வேண்டும்?" என்று கேளுங்கள். பட்டன் போன் வைத்திருக்கும் பாட்டிக்கு அதிலேயே உங்கள் எண்ணை ஒரே பொத்தானில் வரும்படி பதிந்து கொடுங்கள். வெந்நீரும் எட்டு மணி மாத்திரையும் ரத்த அழுத்தம் பார்ப்பதும் ஒரே நுழைவில் முடியும். கூப்பிட்டும் எடுக்கவில்லை என்றால் மட்டும் ஒரு நொடி தாமதிக்காதீர்கள். அது வெந்நீர் கேட்கும் மணி இல்லை. கதவில் கண்ணாடிச் சன்னல் இருக்கிறதா? இல்லையென்றால் தச்சரைக் கூப்பிட்டு ஒரு சதுரம் அறுத்துக் கண்ணாடி போடச் சொல்லுங்கள். கண்ணாடி வழியே முகம் தெரிய, காதில் போன் வைத்துப் பேசுவதுபோல் மலிவான, கரண்ட் போனாலும் நிற்காத தொலைமருத்துவம் வேறு இல்லை.

வேலைகளைச் சேர்த்து முடிப்பது பற்றி இன்னொரு வார்த்தை. உள்ளே போகும் முன் டியூட்டி டாக்டருக்கும் ஆய்வகத்துக்கும் சமையலறைக்கும் ஒரு போன்: "இப்போது மூன்றாம் அறைக்குள் போகிறேன், வேறு ஏதாவது இருக்கிறதா?" வெளியே வந்து அங்கியைக் கழற்றிய பிறகு "சோடியம் பார்க்க ரத்தம் எடுத்தீர்களா?" என்று கேட்கும் பழக்கம் இதனால் தானாகக் குறையும். 2020இல் வெளிநாட்டு ஐசியூக்களில் சிலர் மருந்து பம்ப்பையே அறைக்கு வெளியே நிறுத்தி, நீண்ட குழாயைக் கதவுக்கடியில் விட்டார்கள். அதைக் கேள்விப்பட்டு உங்கள் உரிமையாளர் ஆசைப்பட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நீண்ட குழாயில் மருந்து போய்ச்சேரத் தாமதமாகும், கால் தடுக்கும், கதவு சரியாக மூடாது. ஆள்பலமும் கருவியும் நிறைந்த இடங்களில்கூட அவசரத்துக்குச் செய்தது அது.

கன்சல்டன்ட் விஷயத்துக்கு வருகிறேன். நோயாளி சேர்ந்த அன்று ஒரு மருத்துவர் நேரில் வந்து, நெஞ்சில் கை வைத்துத் தட்டிப் பார்த்து, ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டுத்தான் ஆக வேண்டும். இதில் பேரம் கிடையாது. மறுநாளிலிருந்து நிலை சீராக இருப்பவர்களுக்கு வீடியோ போதும். மூச்சுத் திணறல் கூடினாலோ, குழப்பமாகப் பேசினாலோ, ரத்த அழுத்தம் இறங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ அவரோ ஆர்.எம்.ஓ.வோ உள்ளே வர வேண்டும். எந்த நிலையில் யார் வருவார் என்பதை இப்போதே எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கிச் சுவரில் மாட்டுங்கள். இரவு இரண்டு மணிக்குப் போனில் வாதாடிக்கொண்டிருக்க முடியாது. புளூடூத் ஸ்டெதஸ்கோப் வாங்கலாம் என்று யாராவது சொன்னால், அதை நோயாளியின் முதுகில் வைக்கப்போவது யார் என்று கேளுங்கள்.

ஆக்சிஜன் அளவு காட்டும் விரல் கிளிப்பை முழுதாக நம்பி வெளியே உட்கார்ந்துவிடவும் கூடாது. நகப்பூச்சு, சில்லிட்ட விரல் இரண்டும் அதைக் குழப்பும். கறுத்த தோல் உள்ளவர்களிடம் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்று 2020 டிசம்பரில் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வு சொன்னது. நம் நோயாளிகளின் நிறத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. 94 என்று காட்டும்போதே ஆள் வாக்கியத்தை முடிக்க முடியாமல் திணறினால் திணறலை நம்புங்கள். மூச்சு எண்ணிக்கையைக் கடிகாரம் பார்த்து முழு நிமிடம் எண்ணுங்கள். அதை வீடியோவிலும் எண்ணலாம், நெஞ்சு தெரியும்படி கேமரா இருந்தால். பலரும் கேமராவை முகத்துக்கு மட்டும் திருப்பி வைக்கிறார்கள்.

கதவு திறப்பதைக் குறைக்கிறேன் என்று நோயாளியை அநாதையாக்கிவிடவும் முடியும். தனிமை அறை நோயாளிகளைப் பற்றி 2003இல் வெளியான ஒரு ஆய்வில், மற்றவர்களைவிட அவர்களுக்குச் சிகிச்சைக் காலத்துக் கெடுதல்கள் இரண்டு மடங்கு நேர்ந்தது தெரியவந்தது. யாரும் எட்டிப் பார்க்காததால் வரும் படுக்கைப்புண், விழுதல், நீர்ச்சத்துக் குறைவு ஆகியவற்றை நீங்களே பார்த்திருப்பீர்கள். எனவே எந்தெந்த நுழைவை ஒருபோதும் ரத்து செய்யக்கூடாது என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள். நடக்கமுடியாத முதியவரைப் புரட்டிப் படுக்க வைப்பதும், கழிப்பறைக்குத் துணை போவதும் போன் வழியே நடக்காது.

டேப்லெட்டை யாரும் கையில் பிடிக்கக்கூடாது. இதை இன்றே மாற்றுங்கள். டிரிப்ஸ் ஸ்டாண்டில் ஒரு பிடியை மாட்டி அதில் பொருத்தலாம், அல்லது கட்டிலின் கால்மாட்டுச் சுவரில் நிலையாக அடிக்கலாம். ஒரு அறைக்கு ஒன்று. அறைக்கு அறை தூக்கிக்கொண்டு போனால் கிருமிக்கு நீங்களே வாகனம் ஏற்பாடு செய்துகொடுத்ததாகும். மூன்று அறைகளுக்கு இரண்டுதான் இருக்கிறதென்றால் மூன்றாவது நோயாளியின் சொந்தப் போனையே பயன்படுத்துங்கள். சொல்லப்போனால் அதுதான் சுத்தம். 70 சதவீத ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்தால் போதும், தரை துடைக்கும் பிளீச்சிங் கரைசல் திரையைக் கெடுத்துவிடும். ஆக்சிஜன் சத்தத்தில் டேப்லெட்டின் சின்ன ஸ்பீக்கர் கேட்காது என்பதால் ஆளுக்கொரு மலிவான இயர்போன் கொடுத்து, டிஸ்சார்ஜ் ஆகும்போது அவரிடமே விட்டுவிடுங்கள்.

அழைப்பு வந்ததும் தானாகவே எடுத்துக்கொள்ளும் வசதி டேப்லெட்டில் உண்டு. நோயாளியால் தொட முடியாதபோது அது பெரிய உதவி. ஆனால் அவர் உடை மாற்றும்போதோ பெட்பேனில் உட்கார்ந்திருக்கும்போதோ கேமரா திறந்துகொண்டால்? அதனால் கேமரா மீது ஒரு துண்டு அட்டையை ஒட்டி மூடி வையுங்கள். முதலில் குரல் மட்டும் போகட்டும், "அம்மா, டாக்டர் பார்க்கிறார், பேசலாமா?" என்று கேட்டு, அவர் சரி என்ற பிறகு அவரே அட்டையைத் தூக்கட்டும். தூக்க முடியாதவருக்கு அடுத்த நுழைவின்போது திறந்துவைத்து, அந்த நேரத்துக்கு ரவுண்ட்ஸை அமைத்துக்கொள்ளுங்கள்.

மொழி விஷயத்தில் உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. மொழிபெயர்ப்பவர் கட்டிலருகே நிற்க வேண்டும் என்று யார் சொன்னது? வீடியோ அழைப்பில் மூன்றாவது ஆளாக நீங்கள் நர்ஸ் மேஜையிலிருந்தே சேர்ந்துகொள்ளலாம். டாக்டர் தம் வீட்டில், பாட்டி கட்டிலில், நீங்கள் மேஜையில். கண்ணாடி வழியே உங்கள் முகமும் அவருக்குத் தெரிந்தால் இன்னும் நல்லது; முகக்கவசம் இல்லாத முகத்தைத் தனிமை அறையில் இருப்பவர்கள் பார்ப்பதே அபூர்வம். மகனோ மகளோ விக்ரோலியில் வேலையில் இருந்தால் அவர்களையும், நோயாளி சம்மதித்தால், அதே அழைப்பில் சேருங்கள். தினமும் மாலை வாசலில் நின்று "ஒரே ஒரு நிமிடம் பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம் சிஸ்டர்" என்று கெஞ்சும் கூட்டம் இதனால் குறையும். அவர்களும் தொற்றுக்கு ஆளாகிறவர்கள்தானே. ஆனால் காசநோய், எச்ஐவி போன்றவற்றைப் பேசும்போது உறவினரை அழைப்பிலிருந்து விலக்கிவிட்டுப் பேசுங்கள். மாமியார் அறிந்தால் மருமகள் வீட்டுக்குத் திரும்ப முடியாமல் போகும் வீடுகள் உண்டு.

வாய்வார்த்தை மருந்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். 2020 மார்ச் 25 அன்று, ஊரடங்கின் முதல் நாளில், தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகள் நாட்டில் வெளியாயின. இப்போதும் அவைதான் அடிப்படை. பதிவுபெற்ற மருத்துவர் வீடியோ, குரல், எழுத்து மூன்றின் வழியாகவும் ஆலோசனை சொல்லலாம். நர்ஸ் போன்ற சுகாதாரப் பணியாளர் நடுவில் இருந்து நடத்தும் ஆலோசனையும் அதில் உண்டு, அப்போது நோயாளியின் வெளிப்படையான சம்மதத்தைப் பெற்றுப் பதிவு செய்ய வேண்டும். மருந்துச்சீட்டில் மருத்துவரின் பதிவு எண் இருக்க வேண்டும். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரும் மருந்துகளை, ஒருசில விதிவிலக்குகள் தவிர, தொலைவிலிருந்து எழுதக் கூடாது. திரையில் பார்த்தது போதுமா, நேரில் பார்க்க வேண்டுமா என்று தீர்மானிக்கும் பொறுப்பும் மருத்துவருடையது. "சிஸ்டர் எல்லாம் சரியென்று சொன்னார்" என்று பிறகு அவர் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

ஆனால் சட்டம் துணைக்கு வர, எழுத்து இருக்க வேண்டும். அவர் சொன்ன மருந்தை நீங்கள் எழுதி, பெயர், அளவு, எத்தனை வேளை என்று அவருக்கே திருப்பிப் படித்துக் காட்டுங்கள். "பதினைந்தா, ஐம்பதா?" என்ற சந்தேகம் ஆங்கில எண்களைப் போனில் கேட்கும்போது வரத்தான் செய்யும், "ஒன்று, ஐந்து" என்று தனித்தனி எண்ணாகச் சொல்லிக் கேளுங்கள். நேரத்தைக் குறியுங்கள். அழைப்பு முடிந்ததும் அவர் அதையே எழுத்தில் அனுப்பட்டும், 24 மணி நேரத்துக்குள் கேஸ் பேப்பரில் கையெழுத்திட வேண்டும் என்று விதி வையுங்கள். நோயாளியின் ரிப்போர்ட்டும் படமும் நர்ஸ்களின் சொந்தப் போன்களில் சேர்ந்துகிடக்க வேண்டாம். நர்சிங் ஹோமின் போனிலேயே இருக்கட்டும்.

திரை எதைச் செய்தாலும் அறையின் காற்றைச் சுத்தம் செய்யாது. மும்பையில் குடியிருப்புக் கட்டடத்தின் முதல் மாடியை நர்சிங் ஹோமாக மாற்றிய இடங்கள் ஏராளம். சன்னல்களை அடைத்து ஸ்பிளிட் ஏசி மாட்டியிருப்பார்கள். ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது. அதே காற்றைக் குளிரவைத்துச் சுழற்றும். நோயாளி இருமிய காற்றில் நீங்கள் குளிர்ச்சியாக நிற்கிறீர்கள், அவ்வளவுதான். தனிமை அறைகளிலாவது கழிப்பறைப் பக்கம் வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் மின்விசிறியை எப்போதும் ஓடவிட்டு, எதிர்ப்பக்கச் சன்னலைத் திறந்துவையுங்கள். அது தள்ளும் காற்று அடுத்த அறையின் சன்னலுக்கோ காத்திருப்புக் கூடத்துக்கோ போகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மணிக்கு 12 முறை காற்று மாறும் அறையில், நோயாளி வெளியேறிய பிறகு காற்றிலுள்ள நுண்துகளில் 99 சதவீதம் நீங்க 23 நிமிடம் ஆகும்; 6 முறை மாறினால் 46 நிமிடம். சன்னல் அடைத்த ஏசி அறையில் இதைவிட எவ்வளவோ அதிகம். எக்ஸ்ரேவுக்கு நோயாளி கீழே போனதும் மாவ்ஷியைத் துடைப்பத்தோடு உள்ளே அனுப்பும் வழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள். அவருக்கும் என்-95 கொடுங்கள். பல இடங்களில் நர்ஸ் வரைக்கும் வந்து நின்றுவிடும் முகக்கவசம், மாவ்ஷியிடம் வரும்போது துணியாகிவிடும்.

என் கணிப்பில் உங்கள் நர்சிங் ஹோமுக்குத் தொலைபேசியால் கிடைக்கும் பெரிய லாபம் மாடியில் இல்லை, கீழே ஓ.பி.யில், அதாவது வெளிநோயாளிகள் பிரிவில், இருக்கிறது. தனிமை அறையில் இருப்பவருக்கு என்ன நோய் என்று உங்களுக்குத் தெரியும், தயாராகப் போகிறீர்கள். ஓ.பி. பெஞ்சில் இருமிக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு என்னவென்று யாருக்கும் தெரியாது. 2022 நவம்பரில் உங்களுக்குப் பக்கத்துக் கோவண்டியில் தட்டம்மை பரவியது நினைவிருக்கும். தட்டம்மைக் குழந்தை எழுந்துபோன பிறகும் இரண்டு மணி நேரம் வரை அந்தக் காற்றில் வைரஸ் இருக்கக்கூடும். பதிவு மேஜையில் இருக்கும் பெண்ணுக்கு டேப்லெட் என்ன செய்யும்?

வருவதற்கு முன் போன் செய்யும் பழக்கத்தை ஏற்படுத்துங்கள். வாசல் பலகையில், மருந்துச்சீட்டின் தலைப்பில், தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் ஒரே வரி: "காய்ச்சலுடன் உடம்பில் தடிப்பு, அல்லது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் வருமுன் இந்த எண்ணுக்குப் பேசுங்கள்." பேசுகிறவரிடம் நான்கைந்து கேள்விகள் கேட்டால் போதும். தடிப்புள்ள குழந்தையைக் கூட்டம் கலைந்த நேரத்தில் பின்வாசல் வழியாக வரச்சொல்லலாம். நாள்பட்ட இருமல்காரருக்குச் சளிப் பரிசோதனைக் குப்பியைக் கொடுத்து, திறந்த வெளியில் சளி எடுத்துத் தரச்சொல்லலாம். கழிப்பறைக்குள் போய் எடுக்கச் சொல்வது மிக மோசமான பழக்கம். சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு மருந்து தொடர்பவர்கள், ரிப்போர்ட் காட்ட மட்டும் வருபவர்கள் அந்தப் பெஞ்சில் உட்காரவே தேவையில்லை, போனிலேயே முடிக்கலாம். காசநோய் மருந்து விழுங்குவதை வீடியோவில் பார்ப்பதையும் மாற்று வழியாக உலக சுகாதார நிறுவனம் 2017லேயே ஏற்றுக்கொண்டது. மூச்சு வாங்குகிறவரையும், நெஞ்சுவலி சொல்கிறவரையும், பால் குடிக்க மறுக்கும் கைக்குழந்தையையும் போனில் ஒரு வினாடிகூட நிறுத்திவைக்காமல் உடனே வரச்சொல்ல வேண்டும் என்பதைப் பேசுகிறவர் மனப்பாடம் செய்திருக்கட்டும்.

உங்களில் ஐந்து பேர் படுத்தபோது எல்லோருக்கும் நோயாளியிடமிருந்துதான் வந்தது என்று நிச்சயமாக எண்ணாதீர்கள். உடைமாற்றும் சின்ன அறையில் முகக்கவசத்தைக் கழற்றி, ஒரே டப்பாவிலிருந்து சுண்டல் சாப்பிட்டு, சாய் குடித்த நேரத்தையும் சேர்த்து யோசியுங்கள். காய்ச்சலோடு டியூட்டிக்கு வந்தவர் யார், ஏன் வந்தார்? சம்பளம் பிடிப்பார்கள் என்று பயந்து வந்திருந்தால், நிர்வாகம் எத்தனை டேப்லெட் வாங்கினாலும் அந்தத் துளை அடைபடாது. வருடம்தோறும் மழைக்கு முன் பணியாளர்களுக்கு இன்ஃபுளூயன்சா தடுப்பூசி போடச்சொல்லிக் கேளுங்கள், மாவ்ஷிக்கும் சேர்த்து.

உரிமையாளரிடம் பேசும்போது "டாக்டர் வருவதில்லை" என்று தொடங்காதீர்கள். கதவுத் தாள்களைக் கொண்டுபோய் அவர் மேஜையில் வையுங்கள். ஒரு நாளில் எத்தனை மேலங்கி, எத்தனை என்-95 போயிற்று, அதில் எத்தனை வெந்நீருக்கும் சார்ஜருக்கும் போயிற்று என்று அவரே கூட்டிப் பார்க்கட்டும். செலவு என்ற மொழி அவருக்கு எளிதில் புரியும். அதன் பிறகு ஸ்டாண்டு, நர்ஸ் மேஜைக்கு ஒரு போன், கதவுக் கண்ணாடி, எக்ஸாஸ்ட் என்று கேளுங்கள். ரவுண்ட்ஸ் விதியைக் கடைசியில் வையுங்கள்.

கர்ப்பிணி சகோதரியைப் பற்றி: அவருக்குத் தட்டம்மை, சின்னம்மை, ரூபெல்லா எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று அவருடைய மகப்பேறு மருத்துவரிடம் கேட்டு ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். இல்லையென்று வந்தால் அந்தத் தடுப்பூசிகளை இப்போது போடக்கூடாது, பிரசவத்துக்குப் பிறகுதான்; இன்ஃபுளூயன்சா ஊசியைக் கர்ப்பத்திலும் போடலாம். தனிமை அறைப் பக்கம் அவரை அனுப்பாமல், மேலே சொன்ன போன் வேலை முழுவதையும் அவரிடம் ஒப்படையுங்கள்: ஓ.பி.க்கு வருமுன் பேசுகிறவர்களை விசாரிப்பது, ரவுண்ட்ஸில் மொழிபெயர்ப்பது, டிஸ்சார்ஜ் ஆனவர்களை மூன்றாம் நாள் கூப்பிட்டு விசாரிப்பது. நல்ல காதும் வார்டு அனுபவமும் உள்ள ஒருவர் தேவைப்படும் வேலை இது. வரவேற்பு மேஜையில் புதிதாகச் சேர்ந்த பெண்ணால் செய்ய முடியாது. டியூட்டி பட்டியலில் "ஓய்வு" என்றோ "லைட் டியூட்டி" என்றோ எழுதாமல், "தொலைபேசி நர்ஸ், காலை 8 முதல் 2 வரை" என்று எழுதுங்கள். சம்பளத்தில் கைவைக்க அப்போது காரணம் கிடைக்காது.